தண்ணீர்ப் பானையும் குளிர்ப்பெட்டியும் நாயின் நாவும்

உலகத்தில் விலையின்றிக் கிடைப்பன பல. அவற்றுள் மிக மலிந்தது அபிப்பிராயமே என்பது எம் துணிபு. மழைக்குக் காத்திருக்க வேண்டும். காற்றுக்குங்கூடச் சில நாள் காத்திருக்க வேண்டும். அபிப்பிராயத்துக்கோ ஒரு வேப்பமரத்து நிழலும் இரண்டு பேரும் போதும். எம் ஊராகிய இளையரசனேந்தலில் வேப்ப மரங்களுக்குக் குறைவில்லை.

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசற் பூமியில் உள்ளது எம் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவிற் கிடப்பதால் தென்மேற்குப் பருவத்தின் மழை மலைக்கு அப்பாலே தங்கிவிட, காற்று மாத்திரம் எம்மிடம் வந்து சேரும். ‘ஏந்தல்’ என்னும் சொல்லுக்கு அரசன் என்றும் உயர்ந்தோன் என்றும் பொருளுண்டு. எனினும் இப்பக்கத்து ஊர்ப்பெயர்களில் அது நீரை ஏந்தி நிற்கும் குளத்தையே குறிக்கும். பெயரில் நீரைத் தாங்கிய ஊர், சித்திரை வைகாசி மாதங்களில் நீருக்கும் நிழலுக்கும் ஏங்கி நிற்பதை என்னென்பது!

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்தபின், ஆலயத்து வாயிலில் நிற்கும் வேம்பின் கீழ் ஐவர் கூடினர். வெயிலைப் பற்றிப் பேச்செழுந்தது. சென்னையில் உத்தியோகம் பார்க்கும் எம் மாமா, “வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்தபின் மண்பானை எதற்கு? அது பழங்காலத்துச் சரக்கு” என்றார். பலசரக்குக் கடை அண்ணாச்சி விட்டுக்கொடுக்கவில்லை: “பானைத் தண்ணீரில் மண்ணின் குளிர்ச்சி இறங்குகிறது, பெட்டித் தண்ணீரில் மின்சாரச் சூடல்லவா இருக்கிறது?” என்றார். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், “எங்கள் வீட்டுப் பானை குளிர்வதேயில்லை, இக்காலத்தில் குயவரும் ஏமாற்றத் தொடங்கிவிட்டனர்” என்று வருந்தினார். எம் சித்தப்பா தம் வேட்டை நாய்க்கென்று தனியே ஒரு மின்விசிறி வாங்கியிருந்தார். “இனி என் ராஜாவுக்கு வெயிலென்றால் என்னவென்றே தெரியாது” என்று பெருமிதங்கொண்டார். இறுதியாக, பக்கத்து வீட்டு அக்காள் ஒருவர், எம் ஆச்சியின் நீரிழிவு மருந்தைப் பற்றிக் கேட்டு, “மருந்தை எவ்வளவுக்கெவ்வளவு குளிர வைக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு அது கெடாது” என்று அறிவுரை பகர்ந்தார்.

ஐந்து பேர், ஐந்து அபிப்பிராயங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினர். யாமும் சிரித்தோம். அவற்றுள் முதல் மூன்றும் பொழுதுபோக்காகவே முடிந்தன. பின்னிரண்டும், மூன்று வாரத்திற்குள்ளாக, ஒரு நாயையும் ஒரு மூதாட்டியையும் ஆபத்தின் விளிம்பிற்குக் கொண்டு சென்றன. அதன் பின்னரே, ‘இவ்வைவரும் சொன்னவற்றுள் மெய் எத்துணை?’ என்று ஆராயும் எண்ணம் எமக்கு எழுந்தது. யாம் தமிழ் பயிலும் மாணவர். பௌதிகம் எம் துறையன்று. பௌதிக வகுப்பு நண்பர் ஒருவரிடம் இரண்டு வெப்பமானிகளை இரவல் பெற்றும், அவர் பொறுமையைச் சோதித்தும், அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். ஐந்து அபிப்பிராயங்களும் ஒரே இயற்கை விதியைச் சுற்றி நிற்கின்றன என்று கண்டதே எமக்கு வியப்பு.

பானை

‘தண்ணீர்’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். தண்மை பொருந்திய நீர் என்பதே அதன் பொருள். சுட்ட நீருக்கு ‘வெந்நீர்’ என்று தனிப்பெயர் இட்ட தமிழர், குடிக்கும் நீருக்குக் குளிர்ச்சியையே இயல்பாக வைத்துப் பெயரிட்டனர். இவ்வெப்ப நாட்டில் நீருக்கு அத்தண்மையை நல்கியது சுட்ட மண்ணாற் செய்த பாத்திரமே.

சுட்ட மண்ணின் உடம்பெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. உள்ளிருக்கும் நீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து புறத்தே வருகின்றது. ‘பானை வேர்க்கிறது’ என்று எம் ஊரார் சொல்வது அழகிய உவமை மட்டுமன்று, முற்றிலும் உண்மை. கசிந்த நீர் காற்றில் ஆவியாகிப் பறக்கின்றது. அங்ஙனம் பறப்பதற்கு அதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைப் பானையிடமிருந்தும், பானையினுள் எஞ்சிய நீரிடமிருந்தும் அது கவர்ந்து செல்கின்றது. வெப்பத்தை இழந்த நீர் குளிர்கின்றது. மண்ணிலிருந்து நீருக்குள் எதுவும் ‘இறங்குவதில்லை’. நீரிலிருந்து வெப்பம் வெளியேறுகின்றது. அண்ணாச்சி குளிர்ச்சியை உணர்ந்தது மெய். அதற்குக் கூறிய காரணமே பிழை.

இதன் அளவைக் கேட்டால் வியப்பு மிகும். ஒரு கிராம் நீரைப் பூச்சியப் பாகையிலிருந்து கொதிநிலை வரை சூடேற்ற 100 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் நீர், கொதிக்காமலே, கோடைக்காலத்துச் சாதாரண வெப்பநிலையில் ஆவியாய்ப் பறந்து செல்ல ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். ஆகவே பத்து லிட்டர் நீரைப் பத்துப் பாகை குளிர்விக்க, கணக்கின்படி, சுமார் 170 கிராம் நீர் ஆவியானாற் போதும். அஃதாவது, ஒரு சிறு டம்ளர் நீர் தன்னைக் கொடுத்து ஒரு பானை நீரைத் தண்ணீராக்குகின்றது. வெளிவெப்பம் இடையறாது பானையைத் தாக்குவதால் நடைமுறையில் இதனினும் மிகுதியாகவே செலவாகும். எனினும் விலை மலிவே.

இவ்விதியை அறிந்துகொண்டால், பாட்டிமார் பானையை நடத்தும் முறைகள் யாவும் விளங்கிவிடும். பானையை ஈர மணலின்மேல் இருத்துவது ஏன்? மணலிலிருந்தும் நீர் ஆவியாகி அடிப்பக்கத்தைக் குளிர்விக்கும். மேலே ஈரத்துணி சுற்றுவது ஏன்? ஆவியாகும் பரப்பு பெருகும். வெயிலில் வையாது காற்றோட்டமுள்ள நிழலில் வைப்பது ஏன்? காற்று, பானையைச் சூழ்ந்து நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு உலர்ந்த காற்றைக் கொணரும். புதுப்பானை நன்கு குளிர்வதும் பழம்பானை சோர்வதும் ஏன்? எம் பக்கத்துக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிக்கது. நீர் பறந்தபின் அவை துளைகளில் தங்கி வழியை அடைத்துவிடும். இக்காலத்தில் கடைத்தெருக்களில் வண்ணமும் மெருகும் பூசிய பானைகள் விற்கின்றனர். அவை கண்ணுக்குக் குளிர்ச்சியே. மெருகு துளைகளை மூடிவிடுவதால் நாவுக்கு அல்ல.

நிற்க. தூத்துக்குடி உறவினரின் குறைக்கு வருவோம். இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றினோம். ஒரு வைகாசி நடுப்பகலில் எம் வீட்டுத் திண்ணையில் உலர்ந்தது 38 பாகை காட்டிற்று. ஈரத்துணி சுற்றியது 24 பாகைக்குச் சற்று மேல் நின்றது. எம் ஊர்க் காற்று அத்துணை வறண்டது. பானை நீர் அந்த ஈர வெப்பமானியின் அளவை நோக்கி இறங்குமேயன்றி அதற்குக் கீழே செல்லாது. கடற்கரையிலோ காற்று முன்னரே நீராவியைச் சுமந்து நிற்கின்றது. வெப்பம் 34 பாகையும், காற்றின் ஈரம் நூற்றுக்கு 70 பங்கும் உள்ள நாளில், ஈர வெப்பமானி 29 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. எம் பானைக்குப் பதினான்கு பாகை இறங்க இடமிருக்க, அவர் பானைக்கு ஐந்து பாகையே இடமுண்டு. அவர் கண்டது மெய். குயவர் மீது சாட்டிய பழி பொய். ஏர்கூலர் என்னும் கருவிக்கும் இதுவே நியாயம். ஈரத்தட்டியின் வழியே காற்றை இழுத்துவிடும் அக்கருவி, கோவில்பட்டியில் வரமாகவும் கடலோரத்தில் வெறும் புழுக்கமாகவும் தோன்றுவதற்குக் கடைக்காரர் பொறுப்பல்லர்.

பெட்டி

இனி, பானைக்குப் பகையாக மாமா நிறுத்திய குளிர்ப்பெட்டியைப் பார்ப்போம். அதனைத் திறந்து ஆராய்ந்தால் உள்ளே இருப்பது அதே பானையின் விதிதான்.

செயற்கையாகக் குளிரை உண்டாக்கும் வழியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் கல்லன் காட்டினார். ஈதர் என்னும் விரைவில் ஆவியாகும் திரவத்தைக் காற்று நீக்கிய பாத்திரத்தில் ஆவியாக்க, அது சுற்றுப்புறத்தை மிகவும் குளிரச் செய்தது. அமெரிக்கரான ஜேக்கப் பெர்கின்ஸ் 1834 ஆம் ஆண்டில் இலண்டனில், அங்ஙனம் ஆவியானதை மீண்டும் அமுக்கித் திரவமாக்கித் திரும்பத் திரும்ப வழங்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். இன்று நம் அடுக்களையில் நிற்கும் பெட்டி அதன் வழித்தோன்றலே. பெட்டியினுள் ஓடும் மெல்லிய குழாய்களில் ஒரு திரவம் ஆவியாகி, காய்கறியின் வெப்பத்தையும் பாலின் வெப்பத்தையும் கவர்கின்றது. அவ்வாவியை மின்சார இயந்திரம் அமுக்க, அது தான் கவர்ந்த வெப்பத்தைப் பெட்டியின் பின்புறத்திலோ பக்கங்களிலோ கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகின்றது. பானை தன் ஆவியை விடுதலை செய்துவிடுகிறது. பெட்டி தன் ஆவியைச் சிறைப்படுத்தி மீண்டும் மீண்டும் வேலை வாங்குகிறது. பானைக்குக் கூலி நீர். பெட்டிக்குக் கூலி மின்சாரம். வேற்றுமை இவ்வளவே.

இவ்வியந்திரங்கள் பரவுமுன் குளிரைக் கப்பலில் ஏற்றி வந்த காலமும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை பிரெடரிக் டியூடர் என்னும் வணிகரின் கப்பல்கள் 1833 முதல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று இன்றும் பெயர் வழங்கும் கட்டடம் அப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இல் எழுந்ததே. 1897 இல் விவேகானந்தர் தங்கியதால் அது இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கடல் கடந்து, பாதி கரைந்து வந்த குளிரைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர் இருந்த அதே நகரத்தில், தெருவோரத்துத் தண்ணீர்ப் பந்தலின் பானைகள் விலையின்றிக் குளிர்ந்து நின்றிருக்கும்!

பெட்டியைப் பற்றிய இரண்டு சிறு மயக்கங்களையும் ஈண்டே தீர்த்துவிடுவோம். வெயில் தாங்காமல் சிலர் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்க முயல்வர். பெட்டி முன்புறத்தில் எடுத்த வெப்பத்தைப் பின்புறத்தில் அதே அறையிலேயே கொட்டுகின்றது. அதனோடு தன் இயந்திரத்தின் வெப்பத்தையுஞ் சேர்க்கின்றது. அறை சூடாகுமேயன்றிக் குளிராது. மற்றொன்று: பெட்டியிலிருந்து எடுத்த புட்டியின் புறத்தே நீர்த்துளிகள் நிற்பதைக் கண்டு ‘பானையைப் போலப் புட்டியும் வேர்க்கிறது’ என்பர். இது நேர்மாறு. பானையின் துளி உள்ளிருந்து வந்தது. புட்டியின் துளி காற்றிலிருந்து வந்து படிந்தது. மாமாவின் மகன் சூடேறிய தன் கைப்பேசியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தான். காற்றின் ஈரம் அதனுள்ளும் படிந்தது. கைப்பேசி இரண்டு நாள் மௌன விரதம் பூண்டது. சூடேறிய கைப்பேசிக்கு நிழலும் சற்று ஓய்வுமே தக்க மருந்து.

இனி, சிரிக்க இயலாத செய்திக்கு வருவோம். எம் ஆச்சி பல்லாண்டுகளாக நீரிழிவு நோயால் வருந்துபவர். நாள்தோறும் இன்சுலின் ஊசி இட்டுக்கொள்பவர். 1921 இல் கனடா நாட்டு டொரான்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் கண்டறிந்த அம்மருந்து, அதற்கு முன் சாவை எதிர்நோக்கியிருந்த குழந்தைகளை எழுந்து நடக்கச் செய்தது. அது புரதப் பொருள். மிகுந்த வெப்பத்தையும் பொறாது, உறைதலையும் பொறாது. திறவாத புட்டியை 2 முதல் 8 பாகைக்குள் வைத்தல் வேண்டும். எம் வீட்டில் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். மின்சாரம் அடிக்கடி நின்றுபோன அவ்வாரத்தில், பக்கத்து வீட்டு அக்காளின் சொல் நினைவுக்கு வர, வீட்டார் அப்புட்டியை மேலே பனிக்கட்டி உறையும் அறைக்கு மாற்றிவிட்டனர். எவ்வளவுக்கெவ்வளவு குளிரோ அவ்வளவுக்கவ்வளவு நன்று அல்லவா?

மருந்து உறைந்தது, எடுத்தபின் உருகியது, பார்வைக்கு மருந்து போலவே இருந்தது. ஆச்சி வழக்கம்போல ஊசி இட்டுக்கொண்டார். நான்காம் நாள் நா வறண்டு, கண் மங்கி, தள்ளாடி விழுந்தார். சர்க்கரை அளவு அளவுக்கு மீறி ஏறியிருந்தது. எம்மை விசாரித்த செவிலியர் ஒருவர் புட்டி இருந்த இடத்தைக் கேட்டவுடனே காரணத்தைக் கண்டுகொண்டார். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் பயனற்றது. அதனை எறிந்துவிடல் வேண்டும். அன்பினால் கூறப்பட்ட அபிப்பிராயம், அன்பினால் ஏற்கப்பட்டது, இருப்பினும் அதன் விலையைக் கொடுத்தவர் ஆச்சி.

நல்லவேளையாக உயிருக்குத் தீங்கு நேரவில்லை. அச்செவிலியர் கூறிய மற்றொரு செய்தியே எம்மைப் பானைக்கு மீண்டும் அழைத்துச் சென்றது. நாள்தோறும் எடுத்து வழங்கும் புட்டியைக் குளிர்ப்பெட்டியிலேயே வைக்க வேண்டுமென்பதில்லை. பெரும்பாலான வகைகள், வீட்டு வெப்பம் மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாதிருக்கும். எத்துணை நாள், எத்துணைப் பாகை என்பது மருந்தின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கோடையில் எம் ஊர் வீடுகள் அவ்வளவைக் கடந்துவிடுகின்றன. அதனால் மின்சாரமற்ற வெப்ப நாடுகளில் இன்சுலினைக் காப்பதற்கு மருத்துவரே மண்பானையைப் பரிந்துரைக்கின்றனர். புட்டியை நீர் புகாத சிறு டப்பாவில் இட்டு, அதனைப் பானைக்குள் வைத்து, பானையின் புறத்தை ஈரமாக வைத்திருத்தலே முறை. இன்று எம் ஆச்சியின் திறவாத புட்டிகள் பெட்டியின் நடுத்தட்டிலும், திறந்த புட்டி பானையிலும் இருக்கின்றன. மாமா பழங்காலத்துச் சரக்கென்று தள்ளியது, அவர் மாமியாரின் மருந்தைக் காக்கின்றது.

பானையின் இவ்வாற்றலைப் பிறரும் கண்டு போற்றியுள்ளனர். 1990களில் நைஜீரிய நாட்டு ஆசிரியர் முகம்மது பா அப்பா, ஒரு பானையினுள் மற்றொரு பானையை வைத்து இடையில் ஈர மணலை நிரப்பி, ஏழை உழவரின் காய்கறி வாடாமற் காத்தார். குஜராத்தில் வான்கானேர் ஊர்க் குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி, 2001 ஆம் ஆண்டின் பூகம்பத்திற்குப் பின், மின்சாரமின்றிக் காய்கறியையும் பாலையும் காக்கும் மண் குளிர்ப்பெட்டியையே சமைத்தார்.

நா

சித்தப்பாவின் நாய் சிப்பிப்பாறை இனத்தது. கரிசல் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய அவ்வினம், நீண்ட கால்களும் ஒடுங்கிய வயிறும் குட்டை மயிரும் உடையது. இராஜபாளையம், கோம்பை, கன்னி என்பவற்றோடு தென்தமிழ் நாட்டின் நாட்டு நாய்களுள் பேர் பெற்றது. முற்காலத்தில் முயலையும் பிறவற்றையும் துரத்த வளர்த்தனர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அவ்வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் காவலுக்கும் பெருமைக்கும் அதனை வளர்ப்பார் இன்றும் உளர்.

ஒரு திருமண நாளன்று வீட்டார் அனைவரும் வெளியூர் செல்ல நேர்ந்தது. சித்தப்பா ராஜாவைத் தகரக் கொட்டகையில் கட்டி, வாசலைச் சாத்தி, மின்விசிறியை முழு விசையில் சுழலவிட்டுச் சென்றார். தண்ணீரும் வைத்திருந்தார், நாய் புரண்டதில் அது கவிழ்ந்துவிட்டது. பிற்பகலில் யாம் எதற்கோ அப்பக்கம் சென்றபோது, மின்விசிறி தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. ராஜா பக்கவாட்டில் விழுந்து, நா முழுதும் வெளித்தொங்க, கண் செருகிக் கிடந்தது.

மின்விசிறி அறையைக் குளிர்விக்கும் என்பது எல்லாரும் கொண்டுள்ள எண்ணம். அது ஒரு பாகையுங் குளிர்விப்பதில்லை. தன் இயந்திரத்தின் சிறு வெப்பத்தை அறைக்குச் சேர்ப்பதே அது செய்வது. நமக்குக் குளிர்வது ஏனெனின், நாம் வேர்க்கின்றோம். நம் தோல் ஒரு பானை. வேர்வை அதன் கசிவு. விசிறியின் காற்று அதனை ஆவியாக்க, நாம் குளிர்கின்றோம். நாய்க்கோ உள்ளங்காலில் மாத்திரமே குறிப்பிடத்தக்க வேர்வை உண்டு. மயிர் மூடிய அதன் உடல் கசியாத மெருகுப் பானை. அதற்குக் கசிவுப் பரப்பெல்லாம் நாவும் வாயும் மூச்சுக் குழலுமே. ஆதலின் அது இளைக்கின்றது; வெப்பம் மிகுங்கால் நிமிடத்திற்கு 300 முறை வரையும் மூச்செறிந்து, நாவின் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது. உலர்ந்த மயிரின்மேல் வீசும் விசிறிக் காற்றால் அதற்குப் பயன் மிகக் குறைவு. சாத்திய கொட்டகையிலோ, அது விட்ட மூச்சின் ஈரமே காற்றில் நிறைந்து, ஆவியாதலையும் தடுத்துவிடும். கரிசற் காட்டின் நடுவே, அச்சிறு கொட்டகைக்குள், தூத்துக்குடியின் புழுக்கம் உண்டாகிவிட்டது எனலாம். பின்னொரு நாள் அக்கொட்டகையில் எம் வெப்பமானியை வைத்துப் பார்த்தோம்; 43 பாகை காட்டிற்று. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை. 41 ஐக் கடந்தால் உயிருக்கு ஆபத்து.

யாமும் அண்டை வீட்டாரும் ராஜாவை வேம்பின் நிழலுக்குத் தூக்கி வந்தோம். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் பானைத் தண்ணீரை ஊற்றி, உடல் முழுதும் நனைத்தோம். பின்னர் அதே மின்விசிறியைக் கொணர்ந்து எதிரே வைத்தோம். உலர்ந்த நாயைக் காக்க இயலாத விசிறி, நனைந்த நாயைக் காத்தது. ஈரமுற்ற மயிரே கசியும் பானையாகிவிட, காற்று அதன் வெப்பத்தைக் கவர்ந்து சென்றது. அரைமணி நேரத்தில் மூச்சுத் தணிந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, இம்முதலுதவியே சரியானதென்றும், தாமதித்திருந்தால் தம்மால் ஒன்றும் இயலாதென்றும் கூறினார். சித்தப்பா இப்போது கொட்டகையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறார். பகலில் ராஜா கட்டப்படுவது கொட்டகையிலன்று, வேம்பின் அடியில்.

மனிதருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. காற்றின் வெப்பம் 40 பாகையைக் கடந்தால் மின்விசிறி உடலை மேலும் சூடாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. அடுப்பின் வாயிற் காற்று நம்மைக் குளிர்விக்காதது போல என்க. வயது முதிர்ந்தோர்க்கு வேர்வையும் குறைந்துவிடும். அத்தகைய நாளில் அவர்தம் கைகால்களை ஈரத்துணியால் துடைத்தலும், நிழலும், குடிநீருமே காப்பு. விசிறி ஓடுகிறதே என்று ஒரு முதியவரையும் சாத்திய அறையில் விட்டுச் செல்லலாகாது.

முடிவு

ஆக, ஐந்து அபிப்பிராயங்களின் கணக்கைத் தீர்ப்போம். மாமா பெட்டியைப் பானையின் பகைவனாக எண்ணியது பிழை, இரண்டும் உடன்பிறப்புகள். அண்ணாச்சியின் நாவு மெய் சொல்லிற்று, காரணம் பிழை. தூத்துக்குடி உறவினரின் பானை குற்றமற்றது, காற்றே காரணம். சித்தப்பாவின் விசிறிக்கு ஒரு வாளி தண்ணீர் துணை வேண்டும். பக்கத்து வீட்டு அக்காளுக்கோ, குளிரிலும் ஓர் அளவுண்டு என்பது தெரியவில்லை. ஐவருள் ஒருவரேனும் பொய் கூற எண்ணியவரல்லர். ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒரு துண்டு மெய்யை முழு மெய்யாகக் கொண்டனர். ஆராயாது கேட்டுக்கொண்டிருந்த எமக்கும் அப்பிழையில் பங்குண்டு. வேப்பமரத்தடிப் பேச்சை யாம் வெறுக்கவில்லை. பேச்சு, பானைத் தண்ணீரோடு முடியும்வரை இனியது. அது மருந்தையும் உயிரையும் தொடும்போது, ஒரு வெப்பமானியையோ ஒரு மருத்துவரையோ நடுவே அழைத்துக்கொள்ளல் நலம் என்பதே எம் வேண்டுகோள்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று, தேறி எழுந்திருந்த ஆச்சியிடம் இவற்றையெல்லாம் விளக்கினோம். கல்லன், பெர்கின்ஸ், கலோரிக் கணக்கு ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டிருந்த ஆச்சி, பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு எம் கையில் தந்து சொன்னார்:

“இம்புட்டுத்தானாலே? ஒண்ணு வேர்த்துக் குளிருது. ஒண்ணு உறுமிக் குளிருது. ராஜா இளைச்சுக் குளிருது. இதுக்காலே ஒரு மாசம் கண்ணாடிக் குழலைத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரிஞ்ச?”